இரவு மலையின் அரசர் மொஷ்வேஷ்வே

பிள்ளைகளே, இன்று நாம் சொல்லப்போகும் அரசரின் பெயரை முதலில் எல்லாரும் ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள்: மொஷ்வேஷ்வே. நாக்குச் சற்றுத் தடுமாறும். 'ஷ்வே, ஷ்வே' என்பது வேறொன்றுமில்லை. சவரக் கத்தி தாடையில் ஓடும்போது எழும் ஓசை. இந்த மனிதர் இளைஞராய் இருந்தபோது ரமொனஹெங் என்ற பக்கத்துத் தலைவரின் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஊருக்குத் திரும்பியதும், ரமொனஹெங்கின் தாடியையே மழித்துவிட்டேன் என்று பாடிக் கூத்தாடினார். அன்றுமுதல் கத்தியின் ஓசையே அவருக்குப் பெயராயிற்று.

மாடு திருடியவரையா அரசர் என்று கொண்டாடுகிறீர்கள் என்று நீங்கள் கேட்கலாம். அக்காலத்தில் அந்த நாட்டு இளைஞர்களுக்கு அது திருட்டு அன்று, வீர விளையாட்டு. நம் பழந்தமிழர் ஆநிரை கவர்ந்த கதையை வகுப்பில் படித்திருப்பீர்கள். அதை நினைத்துக்கொண்டால் போதும்.

ஆப்பிரிக்கப் படத்தைப் பிரித்து அதன் தென்கோடியைப் பாருங்கள். தென்னாப்பிரிக்கா என்ற பெரிய நாட்டின் வயிற்றுக்குள் ஒரு சின்ன நாடு தனியாகத் தெரியும். நான்கு பக்கமும் தென்னாப்பிரிக்காவே. கடல் இல்லை. நாடு முழுவதும் மலையும் மேட்டு நிலமும்தாம். குளிர்காலத்தில் அங்கே பனிகூடப் பெய்யும். அதுதான் லெசோத்தோ. அந்நாட்டு மக்கள் பசோத்தோ எனப்படுவர். சுற்றியிருந்த நாடு விழுங்கிவிடாமல் இந்தச் சிறு நாடு எப்படித் தப்பியது? அதைச் சொல்வதுதான் இன்றைய கதை.

மொஷ்வேஷ்வே 1786ஆம் ஆண்டை ஒட்டி மென்க்வானெங் என்னும் மலையடி ஊரில் பிறந்தார். தந்தை மொக்கச்சானே பெரிய அரசர் அல்லர். சில சிற்றூர்களுக்குத் தலைவர், அவ்வளவே. குழந்தை பிறந்த வேளையில் ஊரில் ஏதோ சச்சரவு. ஆகவே 'தகராறு' என்று பொருள்படும்படி லெபோகோ என்று பெயர் வைத்தார்கள். வாலிபச் சடங்கு முடிந்தபின் 'கட்டுபவன்' என்று பொருள்படும் லெட்லாமா என்ற பெயர் வந்தது. மூன்றாவதாக வந்ததுதான் கத்திப் பெயர். தகராறு, கட்டுபவன், சவரக் கத்தி. ஒரே மனிதருக்கு மூன்று பெயர்கள். எந்தப் பெயருக்கு ஏற்ப வாழ்ந்தார் என்பதைப் போகப் போகப் பார்ப்போம்.

இளமையில் அவர் பெரிய முன்கோபி. சிறு குற்றங்களுக்காகத் தம் ஆட்களையே கொன்றார் என்று அம்மக்களின் வரலாறே ஒளிக்காமல் சொல்கிறது. இதைக் கண்டு கவலைப்பட்டவர் அவருடைய தாத்தா பீட்டே. பேரனை அழைத்துக்கொண்டு மொஹ்லோமி என்ற முதியவரிடம் போனார். மொஹ்லோமி ஒரு தலைவர், வைத்தியர், தென்னாப்பிரிக்காவின் பல மூலைகளை நடந்தே பார்த்தவர். சூனியக்காரி என்று பழி சுமத்தி யாரையும் கொல்லக்கூடாது என்று அந்தக் காலத்திலேயே சொன்னவர்.

இளைஞருக்கு ஓர் ஆசை. எல்லாரையும் அடக்கி ஆளும் மந்திர மருந்து ஒன்று வேண்டும். கிழவரோ அப்படி ஒரு மருந்து கிடையாது, உன் நெஞ்சுதான் மருந்து என்று சொல்லி அனுப்பினார். ஏழைகளிடம் இரக்கம் காட்டு, நியாயமாக வழக்குத் தீர், சண்டையைவிடச் சமாதானத்தைத் தேடு என்றும் சொன்னார். கோபக்கார இளைஞருக்கு இந்த வைத்தியம் உடனே பிடித்திருக்குமா என்பது ஐயமே. பின்னாளில் வேலை செய்த மருந்து அதுதான்.

1820ஆம் ஆண்டுகளில் அந்தப் பக்கம் முழுவதும் பெருங்கலவரம் மூண்டது. பசோத்தோ மக்கள் அதனை லிஃபகானே என்பர். கிழக்கே ஜூலு அரசர் சாக்கா எழுச்சி பெற்றதுதான் இதற்கெல்லாம் காரணம் என்று முன்பு பாடநூல்களில் எழுதினார்கள். இப்போது ஆராய்ச்சியாளர்கள் அப்படி ஒருவர் தலைமேல் மட்டும் போடுவதில்லை. வறட்சி, பஞ்சம், மேய்ச்சல் நிலத்துக்கான போட்டி, கடற்கரைத் துறைமுகங்களில் நடந்த தந்த வியாபாரமும் அடிமை வியாபாரமும், தெற்கிலிருந்து துப்பாக்கியோடு வந்த கொள்ளைக் கூட்டங்கள் என்று பல காரணங்கள் சொல்கிறார்கள். எதுவாயினும் விளைவு ஒன்றுதான். ஒரு கூட்டத்தார் தங்கள் ஊரை இழந்து அடுத்த கூட்டத்தாரைத் துரத்தினர். அவர்கள் அதற்கடுத்தவர்களைத் துரத்தினர். தானியக் குதிர்கள் காலியாயின. மாடுகள் போயின. ஊர் ஊராகப் புல் முளைத்தது.

அப்போது மொஷ்வேஷ்வே தம் மக்களோடு புத்தா புத்தே என்ற மலையில் இருந்தார். மந்தத்திசி என்ற வீர மாதரசியின் கூட்டத்தார் அம்மலையைச் சூழ்ந்துகொண்டனர். தன் மகன் செக்கொன்யேலா சிறுவனாக இருந்ததால் அவனுக்குப் பதிலாகப் படையையும் மக்களையும் நடத்தியவர் இந்த அம்மையார். அவர் பெயரைக் கேட்டாலே அக்கம்பக்கம் நடுங்குமாம். முற்றுகை ஒருவாறு விலகியது. ஆனால் இந்த மலை நம்மைக் காக்காது என்று மொஷ்வேஷ்வே கண்டுகொண்டார். தெற்கே வேறொரு மலை இருப்பதாக ஆட்கள் பார்த்து வந்து சொன்னார்கள். 1824ஆம் ஆண்டு ஜூலை மாதம் மொத்தக் கூட்டமும் புறப்பட்டது.

பூமியின் தென்பாதியில் ஜூலை கடுங்குளிர்க் காலம் என்பதை நினைவில் வையுங்கள். பல நாள் நடை. தாய்மார் பிள்ளைகளை முதுகில் கட்டிக்கொண்டனர். ஆண்கள் மிஞ்சிய மாடுகளை ஓட்டினர். வயதானவர்கள் பின்தங்கினர். பின்தங்கியவர்களில் ஒருவர் தாத்தா பீட்டே. வழியில் பசியால் மனிதரையே உண்ணும் நிலைக்கு வந்துவிட்ட ஒரு கூட்டம் மறைந்திருந்தது. அவர்களின் தலைவன் ரக்கொட்ஸ்வானே. அவர்கள் பீட்டேயைப் பிடித்தார்கள், கொன்றார்கள், தின்றுவிட்டார்கள்.

பேரனை மொஹ்லோமியிடம் கைபிடித்து அழைத்துப்போன அதே தாத்தா!

இதைக் கேட்டு அருவருப்புக் கொள்வதற்கு முன் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஆப்பிரிக்கர்களைப் பற்றி இத்தகைய கதைகளைப் பெரிதாக்கி எழுதியவர்கள் உண்டு. அந்த மனிதர்கள் பிறவியிலேயே அப்படி இருந்தவர்கள் அல்லர். நேற்றுவரை சோளம் விதைத்து மாடு மேய்த்த குடியானவர்கள். மாடும் போய், விதையும் போய், பஞ்சம் அவர்களை அங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

கூட்டம் புது மலைக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. இருளிலேயே ஏறினார்கள். ஆகவே அதற்குத் தாபா போசியூ, 'இரவு மலை' என்று பெயர். பார்வைக்குப் பெரிய மலையன்று. சமவெளியிலிருந்து நூறு மீட்டருக்குச் சற்று மேல். ஆனால் உச்சி மேசைபோல் தட்டையாய் அகன்றிருக்கும். புல் உண்டு, ஊற்றுநீர் உண்டு. பக்கங்களோ செங்குத்துப் பாறை. ஏறுவதற்குச் சில இடுக்கு வழிகள்தாம். அவற்றின் தலைமாட்டில் கற்களைக் குவித்து வைத்துவிட்டால் கீழே எத்தனை பேர் வந்தாலும் உருட்டிவிடலாம். இந்த மலை இரவில் வளரும், பகலில் பழையபடி சுருங்கும் என்று எதிரிகளிடையே ஒரு பேச்சு பரவியது. அதை மறுக்க மொஷ்வேஷ்வே அவசரப்படவில்லை!

பின்னொரு நாள் ரக்கொட்ஸ்வானேயின் கூட்டம் பிடிபட்டது. கைதிகளை அரசர்முன் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கொன்றுவிடலாம் என்று வீரர்கள் துடித்தார்கள். யார்தான் துடிக்கமாட்டார்கள்? மொஷ்வேஷ்வே சொன்னதாக மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் விடை இதுதான்: இவர்கள் என் தாத்தாவைத் தின்றவர்கள், ஆகவே இவர்களுடைய வயிறுதான் என் தாத்தாவின் கல்லறை, கல்லறையை யாராவது இடிப்பார்களா? பேச்சோடு நிற்கவில்லை. ஒரு மாட்டை அறுத்து, கல்லறையைத் தூய்மை செய்வதற்கு அவர்கள் வழக்கத்தில் என்ன சடங்கு உண்டோ அதை அந்த மனிதர்களின் உடம்பின்மேலேயே செய்வித்தார். பிறகு அவர்களுக்கு நிலம் கொடுத்தார், மாடு கொடுத்தார். அவர்கள் மறுபடி குடியானவர்கள் ஆனார்கள்.

பாட்டனைக் கொன்றவனை மன்னிக்க நம்மில் எத்தனை பேருக்கு மனம் வரும் என்பது இருக்கட்டும். இதில் அரசருடைய அறிவையும் பார்க்கவேண்டும். பழிவாங்கினால் பத்துப் பேர் சாவார்கள். எஞ்சியவர்கள் வேறு மலையில் ஒளிந்து இன்னும் பத்துப் பேரைத் தின்பார்கள். மாடு கொடுத்தால் பசி போகும். பசி போனால் அந்தப் பழக்கமும் போகும். அப்படியேதான் நடந்தது.

இங்கே 'மாடு கொடுத்தார்' என்று சொன்னோம் அல்லவா? அதை விளக்கவேண்டும், ஏனென்றால் இந்த அரசரின் வாழ்வும் தாழ்வும் அதில்தான் இருக்கிறது. பசோத்தோ மக்களிடம் மஃபிசா என்று ஒரு முறை உண்டு. மாடு உள்ளவர் இல்லாதவருக்கு ஒன்றிரண்டு மாடுகளை இரவலாக விடுவார். மேய்ப்பது வாங்கியவர் பொறுப்பு. பால் அவருடையது; அவர் பிள்ளைகள் குடிக்கலாம். மாடு மட்டும் கொடுத்தவருடையது. நம்மவர்கள் 'வாரத்துக்கு விடுவது' என்பார்களே, ஏறக்குறைய அதுபோல. போர்களில் தமக்கு வந்த மாடுகளை மொஷ்வேஷ்வே இவ்வாறே, ஊரை இழந்து ஓடிவந்தவர்களுக்கெல்லாம் விட்டார். வேறு மொழி பேசியவர்களும் வந்தார்கள்; அவர்களையும் சேர்த்துக்கொண்டார். ஒரு மலைமேல் சில ஆயிரம் பேராய்த் தொடங்கிய கூட்டம், அவர் வாழ்நாள் முடிவதற்குள் நூறாயிரத்துக்கு மேற்பட்ட மக்களினம் ஆயிற்று. கத்திப் பெயர் கொண்டவர் கட்டுபவர் ஆனார்.

1831இல் வடக்கிலிருந்து உம்சிலிகாசியின் படை வந்தது. அக்காலத்தில் அதற்கு எதிர்நின்றவர் குறைவு. மலை இடுக்கில் ஏறினார்கள். மேலிருந்து கற்கள் உருண்டன. ஏற முடியவில்லை. தோற்றுத் திரும்பும் படையின் பின்னாலேயே மொஷ்வேஷ்வேயின் ஆட்கள் சில கொழுத்த மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். பசிதான் உங்களை இவ்வளவு தூரம் இழுத்து வந்திருக்கும், வழியில் சாப்பிட இவற்றை வைத்துக்கொள்ளுங்கள் என்று அரசர் சொல்லியனுப்பினாராம். அந்தப் படை மறுபடி அவர்மேல் வரவே இல்லை.

இனி வேறொரு வகை ஆட்கள் வருகிறார்கள். 1833இல் பிரான்சு நாட்டிலிருந்து காசலிஸ், அர்பூசே, கோஸ்லேன் என்ற மூன்று இளம் சமயப் பணியாளர்கள் வந்தனர். அவர்களை வரவழைத்தவரே மொஷ்வேஷ்வேதான். துப்பாக்கியும் காகிதமும் கொண்ட மனிதர்கள் நெருங்கிவருவதை அவர் அறிந்திருந்தார். காகிதம் படிக்கத் தெரிந்த நண்பர்கள் வேண்டும் என்று நினைத்தார். பாதிரிமார் பசோத்தோ மொழியை எழுத்தில் கொண்டுவந்தார்கள், பள்ளி வைத்தார்கள். காசலிஸ் அரசரின் கடிதங்களை எழுதினார். அரசர் அவர்கள் சொன்னதையெல்லாம் கேட்டார், பிடித்ததை எடுத்துக்கொண்டார். தம் பல மனைவியரை விட்டுவிட மட்டும் எளிதில் ஒப்பவில்லை. அந்த மணங்கள் பல குலங்களோடு அவர் செய்துகொண்ட உறவுகள்.

அவர் கட்டளைகளை அச்சிட்டு வெளியிட்டதும் உண்டு. வெளிநாட்டு வியாபாரிகள் கொண்டுவந்த சாராயத்தை 1854இல் தடுத்தார். நம் பாட்டிமாரைக் கேளுங்கள், சம்சு எத்தனை வீட்டு அடுப்பை அணைத்தது என்று சொல்வார்கள். அந்த அரசர் எதற்காகத் தடுத்தார் என்பது புரியும். அடுத்த ஆண்டு, சூனியம் என்று சொல்லி ஆளைக் கொல்வதைத் தடுத்தார். மொஹ்லோமியின் மருந்து!

பாதிரிமார் வந்த சில ஆண்டுகளில் தெற்கிலிருந்து மாட்டுவண்டிகள் வரத் தொடங்கின. வண்டிகளில் வந்தவர்கள் போயர்கள். டச்சுக் குடியேறிகளின் வழிவந்த வெள்ளைக்கார விவசாயிகள். ஆங்கிலேயர் ஆட்சி பிடிக்காமல் புது நிலம் தேடி வந்தவர்கள். கலிடன் ஆற்றுக்கு மேற்கே நல்ல கருமண் பூமி. மாடுகள் களைத்துவிட்டன, சிறிது காலம் மேய்த்துக்கொண்டு போகிறோம் என்று கேட்டார்கள். மொஷ்வேஷ்வே சரி என்றார்.

அவர் மனத்தில் இருந்தது என்ன? அதே இரவல் முறைதான். நிலம் மக்கள் எல்லாருக்கும் பொது. அதை விற்க அரசருக்கே உரிமை கிடையாது. மாட்டை இரவல் விடுவதுபோல நிலத்தையும் இரவல் விடலாம்; பாலைக் குடித்துக்கொள், மாடு என்னுடையது. போயர்கள் மனத்தில் இருந்தது வேறு. வீடு கட்டினோம், வேலி போட்டோம், உழுதோம்; ஆகவே இது எங்கள் பண்ணை. ஒரு கேள்வி, இரண்டு கணக்கு. யாரும் அன்றைக்கே உட்கார்ந்து பேசித் தெளிவுபடுத்திக்கொள்ளவில்லை. இன்னொரு குலத்தாரைக் குடியேற்றிய வேறு சில பாதிரிமாரும், சில மாடு ஆடுகளைக் கொடுத்து ஒரு பெரும் நிலப்பகுதிக்குப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டனர். மொஷ்வேஷ்வே அந்த மாடுகளை நன்றிக் காணிக்கை என்று எண்ணினார். அவர்கள் விலை என்று எண்ணினர். இவ்வளவு கூர்மையான மனிதர் இந்த ஓர் இடத்தில் ஏமாந்தார் என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. தம் மக்களிடம் நாணயமாக நடந்த முறை எல்லாரிடமும் நடக்கும் என்று நம்பிவிட்டார்.

பிறகு வந்தவை எல்லைக் கோடுகள். 1848இல் ஆங்கிலேயர் அப்பகுதியைத் தங்கள் ஆட்சியில் சேர்த்தனர். மறு ஆண்டு வார்டன் என்ற அதிகாரி ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு அப்பால் பசோத்தோ ஊர்கள் பல போயின. சண்டை மூண்டது. 1852 டிசம்பரில் கவர்னர் கேத்கார்ட் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட படையோடு வந்து, மூன்று நாளில் 10,000 மாடுகளும் 1,000 குதிரைகளும் தண்டமாகத் தரவேண்டும் என்றார். நாயைக்கூட அடித்தால் பல்லைக் காட்டுமே என்று மொஷ்வேஷ்வே எச்சரித்துப் பார்த்தார். 3,500 மாடுகளைத் திரட்டி அனுப்பினார். கேத்கார்டுக்குப் போதவில்லை. டிசம்பர் 20ஆம் நாள் போர். பசோத்தோ குதிரை வீரர்கள் ஆங்கிலப் படையை நன்றாகவே அடித்தார்கள். 38 ஆங்கிலப் போர்வீரர்கள் இறந்தனர்.

வென்றவர் அன்றிரவு என்ன செய்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? வெற்றிவிழாவா? ஒரு கடிதம் எழுதச் சொன்னார். நீங்கள் என் மாடுகளைப் பிடித்துவிட்டீர்கள், உங்கள் பலத்தைக் காட்டிவிட்டீர்கள், தண்டித்தது போதும், இனிச் சமாதானம் கொடுங்கள் என்று அதில் கேட்டுக்கொண்டார். தலை குனிந்ததுபோல் இருக்கிறது அல்லவா? உண்மையில் கேத்கார்ட் மானத்தோடு திரும்பிப்போக ஒரு வாசலைத் திறந்துவிட்டார். அந்தக் கவர்னரும் புரிந்துகொண்டு படையோடு திரும்பினார். உம்சிலிகாசிக்கு மாடு, கேத்கார்டுக்குக் கடிதம்.

1854இல் ஆங்கிலேயர் அப்பகுதியைப் போயர்களிடம் விட்டுவிட்டு விலகினர். ஆரஞ்சு சுதந்திர நாடு பிறந்தது. 1858இல் போயர் படை இரவு மலையின் அடிவாரம்வரை வந்தது. மொஷ்வேஷ்வேயின் வீரர்களோ அவர்களுக்குப் பின்னால் போய்ப் பண்ணைகளைத் தாக்கினர். வீட்டை நினைத்துப் போயர்கள் கலைந்து திரும்பினார்கள்.

1865இல் நடந்தது அப்படியல்ல. அந்தப் போருக்குப் பசோத்தோ மக்கள் வைத்த பெயர் செகிட்டி. பீரங்கி முழங்கும் ஓசை. ஓசையில் தொடங்கிய வாழ்க்கையில் இதுவும் ஓர் ஓசை. அரசருக்கு அப்போது எண்பது வயதை ஒட்டி இருக்கும். ஆகஸ்டு 15ஆம் நாள் லூ வேப்னர் என்ற போயர் தளபதி ஆட்களோடு இடுக்கு வழியில் ஏறினார். மேலே போய்ச் சேருமுன் சுட்டுக் கொல்லப்பட்டார். மலை விழவில்லை. ஆனால் மலைமேல் அடைபட்ட மாடுகள் புல்லும் நீரும் இன்றி ஆயிரக்கணக்கில் செத்தன. கீழே போயர்கள் வயல்களை எரித்தார்கள். கல்லை உருட்டிப் படையைத் தடுக்கலாம். பசியைத் தடுக்க முடியுமா? 1866 ஏப்ரலில் பசோத்தோ தலைவர்கள் பெரும் நிலப்பரப்பை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டனர். சோளம் அறுவடைக்கு நின்றது. அதை அறுக்க நேரம் வேண்டும். ஆகவே அந்த உடன்பாட்டை மக்கள் 'சோளத்துச் சமாதானம்' என்றே அழைத்தனர். அறுவடை முடிந்தது, சமாதானமும் நிலைக்கவில்லை. அடுத்த ஆண்டே மறுபடி போர்.

முதியவர் பல ஆண்டுகளாக ஆங்கில அரசியிடம் பாதுகாப்புக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். முன்பு அடித்தவர்களிடமே அடைக்கலமா என்று உங்களுக்குத் தோன்றும். அவர் இருவரையும் எடை போட்டார். ஆங்கிலேயருக்கு வேண்டியது ஆட்சி. போயர்களுக்கு வேண்டியது மண். ஆட்சி போனால் ஒருநாள் திரும்பும். 1868 மார்ச் 12ஆம் நாள் கவர்னர் வுட்ஹவுஸ் பசோத்தோ நாட்டை ஆங்கிலப் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டார். 1869இல் அவரும் சுதந்திர நாட்டாரும் எல்லையைப் பேசி முடித்தனர். அந்தப் பேச்சில் பசோத்தோ தரப்புக்கு இடமில்லை. கலிடன் ஆறு எல்லையாயிற்று. ஆற்றுக்கு மேற்கே இருந்த கருமண் பூமி, இரவல் கொடுத்த பூமி, போயர்களுக்கே போயிற்று. மலைநாடு மிஞ்சியது.

மறு ஆண்டு, 1870 மார்ச் 11ஆம் நாள், மொஷ்வேஷ்வே இறந்தார். இரவு மலையின் உச்சியிலேயே அவரைப் புதைத்தார்கள். இன்றும் மார்ச் 11 அந்நாட்டில் அவர் பெயரால் விடுமுறை நாள்.

அவர் போட்ட கணக்கு வீண்போகவில்லை. 1880இல் பசோத்தோ மக்கள் துப்பாக்கிகளை ஒப்படைக்கவேண்டும் என்று கேப் காலனி அரசு கட்டளையிட்டது. அவர்கள் மறுத்துப் போரிட்டு, துப்பாக்கிகளைத் தக்கவைத்துக்கொண்டனர். 1910இல் தென்னாப்பிரிக்க ஒன்றியம் உருவானபோது அதில் சேர்க்கப்படாமல் தனியாக நின்றனர். 1966 அக்டோபர் 4ஆம் நாள் லெசோத்தோ என்ற பெயரில் விடுதலை பெற்றனர். அவர் வழிவந்தவரே முதல் அரசர்.

நல்ல மண் போன பிறகு, மலைச்சரிவில் விளைந்தது போதவில்லை. ஆண்கள் கூலிக்குக் கிளம்பினார்கள். கிம்பர்லி வைரச் சுரங்கம், ஜொகானஸ்பர்க் தங்கச் சுரங்கம், ஆற்றுக்கு அப்பாலுள்ள பண்ணைகள். தாத்தா உழுத நிலத்தில் பேரன் கூலிக்கு உழுத குடும்பங்களும் உண்டு. 2023ஆம் ஆண்டில் லெசோத்தோ நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து, ஆற்றுக்கு அப்பாலுள்ள அந்த நிலத்தைத் திரும்பக் கேட்கவேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். மொஷ்வேஷ்வே இரவல் கொடுத்து ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. மாடு யாருடையது என்ற பேச்சு அங்கே இன்னும் முடியவில்லை.